வீட்டுக்குள்ளேயே நாள் கழியும்போது உடம்பு ஏன் சோர்கிறது?

2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை ஆறு ஆண்கள் மாஸ்கோவில் ஒரு மூடிய கலத்துக்குள் 520 நாள் இருந்தார்கள். செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்த் திரும்பும் பயணத்துக்கான ஒத்திகை அது. சாப்பாடு, வேலை, உடற்பயிற்சிக் கருவி எல்லாம் உள்ளேயே இருந்தன. வெயில் மட்டும் இல்லை, வெளியாள் யாரும் வரவில்லை. அவர்களுடைய அசைவையெல்லாம் மணிக்கட்டில் கட்டிய கருவி பதிவு செய்துகொண்டே இருந்தது. மாதங்கள் போகப் போக அசைவு குறைந்தது. தூங்கும் நேரமும் சும்மா கிடக்கும் நேரமும் கூடின. ஒருவருடைய நாள் 24 மணி நேரத்தை விட்டு விலகி, ஏறக்குறைய 25 மணி நேரமாகிவிட்டது. மற்றவர்கள் விழித்திருக்கும்போது அவர் தூங்கினார்.

பலகட்டச் சோதனைகளில் தேறி, உடல்தகுதியோடு உள்ளே போனவர்கள் இவர்கள். அவர்களுக்கே இப்படி என்றால், இரண்டு படுக்கையறை வீட்டில் மாதக்கணக்கில் லேப்டாப்போடு இருப்பவருக்கும், கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருப்பவருக்கும், படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைக் கவனிப்பவருக்கும் சோர்வு வருவதில் வியப்பில்லை. 2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கின்போது நாடு முழுக்க இந்தச் சோர்வைப் பார்த்தோம். "ஒரு வேலையும் பெரிசா செய்யல, ஆனா அசதியா இருக்கு" என்று சொல்லாத வீடு குறைவு.

இந்த அசதியைச் சோம்பல் என்று ஒதுக்குவது தவறு. வெளியே போய்வரும்போது நாம் கேட்காமலேயே உடம்புக்கு மூன்று விஷயங்கள் கிடைத்துக்கொண்டிருந்தன. காலை வெளிச்சம் ஒன்று. நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன அசைவு இன்னொன்று. மூன்றாவது, இது காலை, இது இரவு என்று உடம்புக்குச் சொல்லும் நேர அடையாளங்கள். வீட்டில் அடைந்தவுடன் மூன்றும் ஒன்றாக நின்றுவிடுகின்றன. பலரும் உடனே செய்வது, காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுவது. அது நான்கு நாள் தாங்கும். அட்டவணையில் ஒரு வரி தவறியதும் மொத்தத்தையும் கைவிட்டுவிடுவோம். அதைவிட நான்கே நான்கு விஷயங்களை ஆணி அடித்ததுபோல நிறுத்திக்கொள்வது நல்லது: எழும் நேரம், எழுந்தபின் வெளிச்சத்தில் நிற்பது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் நடப்பது, இரவுச் சாப்பாட்டை முடிக்கும் நேரம். மற்றவை முன்னே பின்னே போனாலும் பரவாயில்லை.

முதலில் வெளிச்சம்

மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். அதை அதன் போக்கில் விட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகமாக எடுக்கும், சராசரி 24.2 மணி நேரம். அதாவது தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் பின்னால் போகும். அந்தப் பிசகைத் தினமும் திருத்துவது காலை வெளிச்சம். இதற்கென்றே விழித்திரையில் தனி அணுக்கள் இருக்கின்றன. நாம் பார்க்கும் காட்சியை உருவாக்குவதில் அவற்றுக்குப் பங்கு குறைவு. எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று அளப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை. நீல நிற ஒளிக்கு அவை மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டும்.

வீட்டு விளக்கு இதற்குப் போதாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். டியூப் லைட் எரியும் ஹாலில் கண்ணை எட்டும் வெளிச்சம் பெரும்பாலும் 100 முதல் 300 லக்ஸ்தான். மேகம் மூடிய நாளில்கூட மொட்டை மாடியில் 10,000 லக்ஸ் அளவுக்குக் கிடைக்கும். நேர் வெயிலில் அது ஒரு லட்சத்தைத் தொடும். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் தெரிவதில்லை. ஹாலும் பளிச்சென்று இருப்பதாகவே தோன்றும். சந்தேகம் இருந்தால் போனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, ஜன்னலோரத்தில் ஒரு முறையும் பத்தடி உள்ளே வந்து ஒரு முறையும் அளந்து பாருங்கள். எண் தோராயமாகத்தான் இருக்கும், ஆனால் எவ்வளவு விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் திறந்தவெளியில் இருக்க வேண்டும். மாடியோ பால்கனியோ வாசலோ எதுவானாலும் சரி. கூலிங் கிளாஸ் போடக் கூடாது, சூரியனை நேராகப் பார்க்கவும் கூடாது. வானம் தெரியும் இடத்தில் முகம் இருந்தால் போதும். விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போடுபவருக்கு வெளிச்சமும் குனிந்து நிமிர்வதும் ஒரே வேலையில் கிடைத்துவிடுகின்றன. வெளியே போகவே முடியாதவர் கட்டிலையோ நாற்காலியையோ ஜன்னலிலிருந்து மூன்றடிக்குள் நகர்த்தித் திரையை முழுக்க விலக்க வேண்டும். வயதானவர்களை வீட்டின் உள்ளறையில் படுக்கவைப்பது நம் வழக்கம். ஆனால் வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகி நீல ஒளியை வடிகட்டிவிடுவதால் அவர்களுக்குத்தான் வெளிச்சம் கூடுதலாகத் தேவை. காலையில் அரை மணி நேரம் அவர்களை வராந்தாவில் உட்காரவைத்தாலே பகல் தூக்கம் குறைந்து இரவுத் தூக்கம் கூட வாய்ப்பு உண்டு.

வைட்டமின் டி வேறு கணக்கு. அதை உண்டாக்கும் புற ஊதா பி கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வருவதில்லை. காலை ஏழு மணி வெயிலிலும் அது மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் தோலில் அது நன்றாக உருவாகும். கடிகாரத்துக்கு வேண்டியது காலை வெளிச்சம், வைட்டமின் டிக்கு வேண்டியது பகல் வெயில். இரண்டையும் குழப்பிக்கொண்டு, இளங்காலை வெயிலில் நின்றுவிட்டு வைட்டமின் கிடைத்துவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய.

ஒரு மணி நேரப் பயிற்சி, பத்து மணி நேர நாற்காலி

1966இல் அமெரிக்காவின் டல்லாஸில் 20 வயதான ஐந்து ஆரோக்கியமான ஆண்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு அந்த மூன்று வாரத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரை மறுபடி அளந்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்த சேதம் அந்த மூன்று வாரப் படுக்கையின் சேதத்தைவிடக் குறைவாகவே இருந்தது. வயதானவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். ஆரோக்கியமான முதியவர்கள் பத்து நாள் படுத்திருந்தாலே கால் தசையில் ஏறக்குறைய ஒரு கிலோ இழக்கிறார்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர் படுத்திருக்கவில்லை, உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் அவர் இழந்தது எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் போய்வரும் ஒருவர், வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு 10 நிமிடம், மேம்பாலப் படி, பிளாட்ஃபாரத்தில் நிற்பது, இறங்கி அலுவலகத்துக்கு 10 நிமிடம், டீ குடிக்கக் கீழே இறங்குவது, மறுபடி அதே வழியில் திரும்புவது என்று ஐம்பது நிமிட நடையை எந்தத் தீர்மானமும் இல்லாமல் முடித்துவிடுகிறார். வீட்டில் கட்டிலிலிருந்து மேசைக்குப் பன்னிரண்டு எட்டு.

இந்தச் சிதறிய அசைவின் மதிப்பு புதிதாகத் தெரிந்ததல்ல. லண்டன் மாடிப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்பதை பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் 1953இலேயே வெளியிட்டார். இருவரும் ஒரே பேருந்தில் ஒரே நேரம் வேலை பார்த்தவர்கள். நடத்துநர்கள் அதற்கென்று தனியாக உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகவில்லை.

காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மீதி நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தால், அந்த ஒரு மணி நேரம் வீண் என்று சொல்ல வரவில்லை. அது இதயத்துக்கு நல்லது. ஆனால் பகல் சோர்வுக்கு அது மட்டும் மருந்தாகாது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலில் தேங்கும் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. தொடைத் தசை வேலை செய்யும்போது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. இவற்றை நாள் முழுக்கத் தேவையான அளவுக்குக் காலையிலேயே மொத்தமாகச் சேர்த்துவைத்துவிட முடியாது. ஆகவே அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடக்க வேண்டும். போன் அழைப்பு எல்லாவற்றையும் நின்றோ நடந்தோ பேசுவது என்று வைத்துக்கொண்டால் அலாரம் தேவைப்படாது. தண்ணீர் பாட்டிலை மேசையில் வைக்காமல் சமையலறையிலேயே வைத்தால் எழுந்தே ஆக வேண்டும்.

நடைக்கு வீடு சிறியது என்பது உண்மையான தடை அல்ல. நிமிடத்துக்கு 100 எட்டு என்பது மிதமான வேகம். பத்து நிமிடத்தில் ஆயிரம் எட்டு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. மொட்டை மாடியில் வட்டமாக நடப்பவர் எப்போதும் ஒரே பக்கம் திரும்புவதால் ஒரு முட்டியிலும் இடுப்பிலும் பாரம் கூடும். நம் ஊரில் பலர் 8 போட்டு நடப்பது இதற்கு நல்ல வழி. இடமும் வலமும் மாறி மாறித் திரும்புகிறோம். அதற்கு இருக்கும் தனிப் பலன் அவ்வளவுதான். எட்டு வடிவம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை நம்ப வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சேரும். நடப்பவர்களில் பெரும்பாலோர் தசைப் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். வீட்டில் அடைந்திருப்பவர் முதலில் இழப்பது தொடையின் வலுவைத்தான்.

நாற்காலியிலிருந்து எழுவதில் தொடங்கலாம். 45 செ.மீ. உயரமுள்ள, கனமான மர நாற்காலியைச் சுவரில் முட்டவைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். டைல்ஸ் தரையில் அதன் கால் விரிந்து வழுக்கும். கைகளை மார்பின் குறுக்கே கட்டி, எழுந்து, மூன்று எண்ணும்வரை மெதுவாக உட்காருங்கள். எட்டு முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு முறை. இதுவே நம் வலுவை அளக்கும் சோதனையும்கூட. 60 முதல் 64 வயது ஆண் 30 விநாடியில் 14 முறையும் பெண் 12 முறையும் எழ முடியாவிட்டால் கால் வலு சராசரிக்குக் கீழே இருக்கிறது, விழும் அபாயம் கூடுதல். 15 முறை சுலபமாக வந்துவிட்டால் பிள்ளைகளின் பள்ளிப் பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைப் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு செய்யலாம். நான்கு கிலோ கூடிவிடும். முட்டியில் வலி இல்லாதவர்களுக்குத் தோப்புக்கரணம் இதன் அடுத்த படி. வலி இருப்பவர்கள் முழுசாகக் குந்தாமல் பாதியில் நிறுத்த வேண்டும்.

பால் காயும் நேரத்தில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை 15 முறை உயர்த்தி இறக்கலாம். அதே மேடை விளிம்பில் கைகளை ஊன்றி, உடம்பைச் சாய்த்துத் தண்டால் பத்து எடுத்தால் மார்பும் தோளும் வேலை செய்யும். முதுகுக்குத்தான் வீட்டில் பயிற்சி கிடைப்பது கடினம். ஐந்து கிலோ அரிசியைத் துணிப்பையில் போட்டு, ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மறுகையால் பையை இடுப்புவரை இழுப்பது அந்தக் குறையைத் தீர்க்கும், பக்கத்துக்குப் பத்து. எல்லாம் சேர்ந்து 15 நிமிடம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

இது கெடுவது பெரும்பாலும் முதல் நாளில்தான். உற்சாகத்தில் அறுபது தோப்புக்கரணம் போட்டுவிடுகிறோம். தசைவலி மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். மாடிப்படி இறங்க முடியாமல் போய் "இது நமக்கு ஒத்துவராது" என்று நின்றுவிடுகிறோம். முதல் வாரம் உங்களால் முடிந்ததில் பாதி மட்டும் செய்வது கோழைத்தனம் அல்ல.

அடைத்த அறையும் சாப்பாட்டு மேசையும்

வீட்டில் நாம் பயன்படுத்தும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றவிடுகிறது. பத்துக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம் என்றால் மொத்தக் காற்று ஏறக்குறைய 28,000 லிட்டர். உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். கதவிடுக்கில் கசிவே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் பத்து லட்சத்தில் 700 பங்கு கூடும். வெளிக்காற்றில் இருப்பதே 420 பங்குக்குச் சற்று மேல்தான். இரண்டு பேர் மூன்று மணி நேரம் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வரும் புழுக்கத்துக்கும் தலைபாரத்துக்கும் வேறு காரணம் தேட வேண்டாம். மணிக்கு ஒருமுறை கதவையும் எதிர் ஜன்னலையும் ஐந்து நிமிடம் திறந்துவிடுங்கள். அல்லது கதவை இரண்டு அங்குலம் திறந்தே வைத்து, ஏசியை 26இல் வைத்து மின்விசிறியைச் சுற்றவிடலாம்.

சாப்பாட்டு மேசையின் உயரம் வழக்கமாக 75 செ.மீ. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு அது தட்டச்சு செய்ய அதிகம். தோள் உயர்ந்தே இருக்கும், மாலையில் கழுத்து இறுகும். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி நாற்காலியில் மடித்த போர்வையைப் போட்டு உயர்த்தினால் கால் தரையில் படாது. காலடியில் ஒரு மணைப் பலகை வைத்தால் அதுவும் சரியாகிவிடும். லேப்டாப் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி அடியில் கனமான புத்தகங்களை அடுக்கி, தனியாக ஒரு விசைப்பலகை இணைத்துக்கொள்வது கழுத்துவலிக்குச் செய்யக்கூடிய மலிவான வைத்தியம். கண்ணுக்கு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபதடி தூரத்தை இருபது விநாடி பார்க்க வேண்டும். அறைக்குள் அவ்வளவு தூரம் இருக்காது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடியைப் பாருங்கள்.

தட்டில் என்ன குறைகிறது

வீட்டில் இருக்கும்போது அதிகம் சாப்பிடுகிறோம் என்று எல்லோரும் சொல்கிறோம். கூடுவது மாவுச்சத்தும் நொறுக்குத்தீனியும்தான், புரதம் கூடுவதில்லை. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். நம் வழக்கமான ஒரு சைவச் சாப்பாட்டு நாளைக் கூட்டுவோம். காலையில் மூன்று இட்லி, சட்னி: 7 கிராம். மதியம் இரண்டு கப் சோறு 8, சாம்பாரில் கரையும் இருபது கிராம் பருப்பு 4, பொரியல் 2, தயிர் 3. இரவு மூன்று தோசை 8. டீ, காபியில் சேரும் பால் 5. மொத்தம் 37. நாள் முழுக்க வயிறு நிறையச் சாப்பிட்டும் 13 கிராம் குறைகிறது. மாலை நான்கு மணிக்கு ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் அந்தக் குறையை ஏறக்குறைய முழுசாக நிரப்பும். முட்டை சாப்பிடுபவர்களுக்கு இரண்டு முட்டை. நான்கு மணி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முறுக்கு டப்பாவும் மிக்சர் பாக்கெட்டும் திறக்கும் நேரம் அதுதான்.

மதியம் சாப்பிட்டவுடன் கண் சொக்குவதற்குச் சோறு மட்டுமே காரணமல்ல. சாப்பிடாவிட்டாலும் பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் உடம்பின் விழிப்பு இயல்பாகவே சற்று இறங்கும். சோற்று மலை அந்த இறக்கத்தை ஆழமாக்குகிறது. பொரியல், கூட்டு, பருப்பை முதலில் பாதி சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால், அதே அளவு சாப்பிட்டாலும் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். ஒரு கரண்டி சோறு குறைந்தால் இன்னும் நல்லது. சாப்பிட்டுக் கை கழுவியதும் உட்காராமல் 10 முதல் 15 நிமிடம் வீட்டுக்குள்ளேயே மெல்ல நடப்பது சர்க்கரை நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் பயன் தருவது. இன்சுலின் போடுபவர்கள் புதிதாக நடையைச் சேர்க்கும்போது முதல் சில நாள் சர்க்கரையை அளந்து பார்க்க வேண்டும்; தாழ்சர்க்கரை வரக்கூடும்.

டீயைப் பற்றி இரண்டு கணக்கு. ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பத்து கிராம். நான்கு டம்ளருக்கு நாற்பது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்ற வரம்பை டீயே தாண்டிவிடுகிறது. அடுத்தது கஃபீன். அது ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணி ஃபில்டர் காபியில் 100 மில்லிகிராம் இருந்தால், பத்து மணிக்குப் படுக்கும்போது 50 மில்லிகிராம் மிச்சம். படுக்கப்போகும் முன் அரை டம்ளர் காபி குடித்ததற்கு அது சமம். கடைசி காபியை மதியம் இரண்டு மணிக்குள் முடிப்பதும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ காபி தவிர்ப்பதும் நல்லது. இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அவை தடுக்கின்றன.

தள்ளிப்போன தூக்கத்தை இழுத்து வருவது

பகல் தூக்கம் தவறல்ல. மூன்று மணிக்கு முன் 20 நிமிடம் தூங்கலாம்; கண் அயரும் நேரத்தையும் சேர்த்து 25 நிமிடத்துக்கு அலாரம். அதற்குமேல் போனால் ஆழ்தூக்கத்துக்குள் இறங்கிவிடுவோம்; நடுவில் எழுந்தால் அரை மணி நேரம் மந்தமாக இருக்கும். கட்டிலைவிட ஹால் பாயோ சாய்வு நாற்காலியோ இதற்கு நல்லது, அளவோடு எழுந்துவிடுவோம்.

இரவில் வெளிச்சத்தின் கணக்கு தலைகீழ். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே, இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். பளீர் வெள்ளை எல்இடி அதைப் பின்னுக்குத் தள்ளும். ஹாலில் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண்) டியூபை ஒன்பது மணிக்கு அணைத்துவிட்டு, 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் பல்பு ஒன்று போதும். எண் பல்பு அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன் முடித்துவிட வேண்டும்.

இரவு இரண்டு மணிக்குப் படுத்து பத்து மணிக்கு எழும் பழக்கம் வந்துவிட்டவர், "இன்றிலிருந்து பத்து மணிக்குப் படுத்துவிடுகிறேன்" என்று தொடங்குவார். தூக்கம் வராது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் உடம்பு மிகவும் விழிப்பாக இருக்கும் நேரம். அப்போது படுத்துப் புரண்டால் கட்டிலைக் கண்டாலே விழிப்பு வரும் பழக்கம்தான் மிஞ்சும். இழுக்க வேண்டியது எழும் நேரத்தை. இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னே நகர்த்தி, எழுந்தவுடன் மாடிக்குப் போக வேண்டும். பத்து மணியிலிருந்து ஏழு மணிக்கு வரப் பன்னிரண்டு நாள்.

இதில் அவசரம் ஆகாது என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. உடல் வெப்பநிலை மிகத் தாழ்ந்து நிற்கும் நேரம், நாம் இயல்பாக விழிப்பதற்கு ஏறக்குறைய இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வரும். அதற்குப் பின் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும். அதற்கு முன் படும் வெளிச்சம் இன்னும் பின்னே தள்ளும். பத்து மணிக்கு எழுபவருக்கு அந்த நேரம் காலை ஏழு, எட்டு மணி. அவரை முதல் நாளே ஐந்தரைக்கு எழுப்பி வெயிலில் நிறுத்தினால் உடம்பு அதை மாலை வெளிச்சமாக எடுத்துக்கொள்ளும். பிள்ளைகளைப் பள்ளி திறக்கும் முதல் நாளில் திடீரென்று எழுப்பித் தோற்றுப்போகும் வீடுகளில் நடப்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமைக்கும் மற்ற நாளுக்கும் எழும் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் வித்தியாசம் வேண்டாம்.

வீட்டிலேயே ஓடிக்கொண்டிருப்பவர்கள்

மேலே சொன்னதெல்லாம் உட்கார்ந்தே இருப்பவருக்கு. எல்லோரும் வீட்டில் இருக்கும்போது வேலை இரட்டிப்பாகும் ஒருவர் பெரும்பாலும் அதே வீட்டில் இருப்பார். 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். இப்படி ஓடிக்கொண்டிருப்பவருக்கு "இன்னும் கொஞ்சம் நட" என்று அறிவுரை சொல்வது அநியாயம். அவருக்குக் குறைவது அசைவு அல்ல. வெளிச்சமும், இடையில் யாரும் கூப்பிடாத ஓய்வும், ஒரே நீட்டுத் தூக்கமும்தான் குறைகின்றன. நோயாளியைக் கவனிப்பவருக்குக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி வேறொருவர் முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். மருந்து நேரம், மலசலம், கடைசியாக எப்போது புரட்டிப் படுக்கவைத்தோம் என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் பொறுப்பு கைமாறும்போது கேள்வி வராது. "ஏதாவது வேணும்னா கூப்பிடு" என்பது உதவி ஆகாது. வேணுமா என்று யோசிப்பதே அவருடைய வேலைதான். இரவு விழிப்பு தவிர்க்க முடியாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை வைத்துக்கொள்ளலாம்.

எப்போது இது வேறு விஷயம்

இரண்டு மூன்று வாரம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் அசதி விலகாவிட்டால் காரணம் வீடு அல்ல என்று எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின், தைராய்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பெரும்பாலும் முதலில் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்களிடம் உடற்பயிற்சி செய்யச் சொல்வதற்கு முன் இதைப் பார்ப்பதுதான் முறை. சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்பவர் எட்டு மணி நேரம் தூங்கினாலும் தெளிவாக எழ மாட்டார். எதிலும் நாட்டமின்மை, காரணமில்லாத அழுகை, வாழ்வதில் வெறுப்பு தோன்றினால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. நீண்ட நாள் அசையாதவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. அது ரத்தக்கட்டாக இருக்கலாம்.

படுக்கையில் இருந்து தேறுபவர்கள் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பாதத்தை மேலும் கீழும் இருபது முறை அசைக்க வேண்டும். எழும்போது கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லை என்று உறுதியானபின் பிடிமானத்தோடு நிற்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு இது கட்டாயம். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆனதும் பழைய நடையில் பாதியிலிருந்து தொடங்கி, நாளுக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டலாம். மறுநாள் காலை முந்தைய நாளைவிட அசதி அதிகமாக இருந்தால், கூட்டியது அதிகம். முந்தின அளவுக்கே திரும்பி, இரண்டு நாள் அங்கேயே நின்றுவிட்டு மறுபடி கூட்டுங்கள்.